சீனர் திருமணமும் குடும்ப விழாக்களும்: அறிந்து பழகுவோம்

மலேசியாவின் ரப்பர்த் தோட்டங்களை அடுத்துள்ள சிறு பட்டணங்களிலும் புதுக்கிராமங்களிலும் சீனக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. 1950-ஆம் ஆண்டில் பிரிக்ஸ் திட்டம் தொடங்கியபின், அவசரகாலத்தில் சுமார் 5 இலட்சம் மக்கள் காட்டோரங்களிலிருந்து புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சீனர்களே. அக்காலம் முதல் தோட்டத் தொழிலாளியும் புதுக்கிராமவாசியும் ஒரே மளிகைக் கடையில் பொருள் வாங்கியும் ஒரே பேருந்தில் பயணம் செய்தும் பழகி வந்துள்ளனர்.

இவ்வளவு அருகில் வாழ்ந்தும், ஒருவர் வீட்டுச் சடங்கின் பொருளை மற்றவர் முழுமையாக அறிந்திருப்பதில்லை. சீன நண்பர் சிவப்பு அழைப்பிதழைக் கொடுக்கும்போது, "என்ன கொடுப்பது? எப்படி நடந்துகொள்வது? என்ன உணவு வைப்பார்களோ?" என்னும் ஐயங்கள் நம்மில் பலருக்கு எழுகின்றன. அந்தத் தயக்கத்தாலேயே போகாமல் இருந்துவிடுவோரும் உண்டு. அழைத்தவருக்கோ அது மனவருத்தத்தைத் தருகிறது. அறியாமையால் ஏற்படும் இத்தகைய மனத்தாங்கலைச் சிறிது அறிவு கொண்டு எளிதில் நீக்கிவிடலாம். ஆகவே, சீனர் திருமணத்தின் முக்கியப் படிகளையும் பிற குடும்ப விழாக்களையும் இக்கட்டுரையில் காண்போம். இறுதியில், சீனருக்கும் நமக்கும் பொதுவான ஒரு சட்டக் கடமையையும் எடுத்துரைப்போம்.

முதலில் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். நம் நாட்டுச் சீனர்கள் அனைவரும் ஒரே வழக்கத்தினர் அல்லர். ஹொக்கியன், கண்டோனிஸ், ஹக்கா, தியோச்சூ, ஹைனான் எனப் பல மொழிப் பிரிவினர் அவர்களுள் இருக்கின்றனர். பௌத்தர், தாவோ வழிபாட்டினர், கிறிஸ்தவர் எனச் சமயத்தாலும் வேறுபடுகின்றனர். ஆதலால் ஒரு வீட்டில் காணும் சடங்கு அடுத்த வீட்டில் இல்லாதிருக்கலாம். நாம் இங்குக் கூறுவன பரவலாக உள்ள வழக்கங்களே.

குடும்பப் பெயரும் உறவுமுறையும்

சீனர் பெயரில் குடும்பப் பெயர் முன்னே நிற்கும். ஒரே குடும்பப் பெயரைப் பிரிவுக்கு ஏற்றபடி வெவ்வேறாக ஒலிப்பதும் உண்டு. ஹொக்கியன் மொழியில் "தான்" எனப்படும் பெயர், கண்டோனிஸில் "சான்" என்றும் ஹக்காவில் "சின்" என்றும் ஒலிக்கும், எழுத்து ஒன்றே. பழைய மரபின்படி ஒரே குடும்பப் பெயருடையோர் தமக்குள் மணம் செய்துகொள்வதில்லை. அவர்கள் ஒரு முன்னோரின் வழிவந்தவர்கள் என்பதே இதற்குக் காரணம். நம்மவருள் சிலர் ஒரே கோத்திரத்தில் பெண் எடுக்காமல் இருப்பதை இதனோடு ஒப்பிடலாம். திருமணத்துக்குப் பின்னரும் பெண் தன் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரை விடுவதில்லை. பிள்ளைகள் தந்தையின் குடும்பப் பெயரைப் பெறுகின்றனர்.

உறவுமுறைச் சொற்களிலும் நமக்கும் அவர்களுக்கும் வியத்தகு ஒற்றுமை உண்டு. ஆங்கிலத்தில் "அங்கிள்" என்னும் ஒரே சொல் பெரியப்பா, சித்தப்பா, மாமா ஆகிய மூவரையும் குறிக்கும். சீனத்திலோ, தமிழில் உள்ளது போலவே, தந்தையின் அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு வேறொரு சொல், தாயின் உடன்பிறந்தாருக்கு மற்றொரு சொல் என மூன்று தனிச் சொற்கள் உண்டு. யார் மூத்தவர், யார் இளையவர், யார் எந்த வழி உறவினர் என்பதை அறிந்து அழைப்பது அவர்களிடத்தில் பெரும் பண்பாகக் கருதப்படுகிறது. திருமணச் சடங்குகளின் பொருளை விளங்கிக்கொள்ள இஃது ஒரு திறவுகோலாகும்.

பேசி முடித்தலும் சீர்வரிசையும்

பழஞ்சீன நூல்கள் திருமணத்தை ஆறு படிகளாக வகுத்துள்ளன. பெண் கேட்டல், பெண்ணின் பெயரும் பிறந்த நேரமும் அறிதல், பொருத்தம் பார்த்தல், சீர்வரிசை அனுப்புதல், நாள் குறித்தல், மணமகளை அழைத்து வருதல் என்பன அவை. பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் ஆகிய நான்கையும் எட்டு எழுத்துகளில் குறித்துப் பொருத்தம் பார்ப்பர். நாம் சாதகம் பார்ப்பதைப் போன்றதே இது. இக்காலத்தில் இளையோர் தாமே துணையைத் தேர்ந்துகொண்டாலும், நல்ல நாள் பார்க்கும் வழக்கம் இன்னும் பெரும்பாலும் நீங்கவில்லை. சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதம் ஆவிகளுக்கு உரியது என்னும் நம்பிக்கையால், அம்மாதத்தில் பலர் திருமணம் வைப்பதில்லை.

நிச்சயம் ஆனபின், மணமகன் வீட்டார் பெண் வீட்டுக்குச் சீர்ப்பொருள்களைக் கொண்டு செல்வர். திருமணப் பலகாரங்கள், ஆரஞ்சுப் பழங்கள், உலர்ந்த கடலுணவு வகைகள், மது, சிவப்பு மெழுகுவர்த்திகள், சிவப்பு உறையில் இட்ட பணம் ஆகியவை அவற்றுள் அடங்கும். எதுவும் இரட்டைப்படை எண்ணிக்கையிலேயே இருக்கும்; இணை பிரியாத வாழ்வை அது குறிக்கிறது.

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெண் வீட்டார் வந்த சீர் முழுவதையும் எடுத்துக்கொள்வதில்லை. அதில் ஒரு பகுதியை மணமகன் வீட்டுக்கே திருப்பி அனுப்புவர். பணத்திலும் ஒரு பங்கு திரும்பிச் செல்வதுண்டு. "உங்கள் மதிப்பை ஏற்றோம், உங்களை வருத்த நாங்கள் விரும்பவில்லை" என்பது அதன் கருத்து. பணத்தைப் பேரம் பேசிக் கசப்பில் முடியும் குடும்பங்கள் எல்லா இனத்திலும் இருக்கின்றன. ஆயினும், வந்ததில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும் இம்மரபு, வரதட்சணையால் கடன்பட்டுத் தவிக்கும் எவரும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

தலை வாரும் சடங்கு

மணநாளுக்கு முந்திய இரவிலோ விடியற்காலையிலோ, மணமக்களுக்குத் தத்தம் வீட்டில் தலை வாரும் சடங்கு நடைபெறும். கணவருடனும் பிள்ளைகளுடனும் நல்வாழ்வு வாழும் மூத்த பெண்மணி ஒருவர், ஒவ்வொரு முறை சீப்பால் வாரும்போதும் ஒரு வாழ்த்தைக் கூறுவார். முடிவு வரை ஒன்றாயிருத்தல், தலை நரைக்கும் வரை ஒற்றுமை, மக்களும் பேரரும் நிறைந்த வீடு என வாழ்த்துகள் அமையும். நாம் சுமங்கலிகளைக் கொண்டு நலங்கு வைப்பதன் உட்கருத்தும் இதுவன்றோ? பின்னர் அரிசிமாவு உருண்டைகளை இனிப்புப் பாகில் இட்டு உண்பர். அவ்வுருண்டையின் வட்ட வடிவம் குடும்பம் ஒன்றுகூடி நிறைவாக இருப்பதைக் குறிக்கும்.

மணமகளை அழைத்தல்

மணநாள் காலையில் மணமகன் தன் தோழர்களுடன் பெண் வீட்டுக்குச் செல்வான். வாசலிலேயே மணமகளின் தோழியர் அவனை மறித்து நிற்பர். புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம் ஆகிய நான்கு சுவைகளையும் உண்ணச் சொல்லுதல் போன்ற வேடிக்கைச் சோதனைகளை வைப்பர். வாழ்வின் எல்லாச் சுவைகளையும் அவன் ஏற்பானா என்பதே கேள்வி. கேட்ட "அங் பாவ்" கிடைத்த பின்னரே கதவு திறக்கும். அத்தொகையில் ஒன்பது என்னும் எண் இடம்பெறுவதுண்டு. சீனத்தில் ஒன்பது என்னும் சொல்லும் "நெடுங்காலம்" என்னும் சொல்லும் ஒரே ஒலியுடையன.

மணமகள் வீட்டை விட்டு வெளிவரும்போது அவள் தலைக்கு மேல் சிவப்புக் குடை பிடிப்பர். ஹொக்கியன் மக்கள் வேரும் தோகையும் நீக்காத முழுக் கரும்பை மணமகளின் காரில் கட்டுவதுண்டு. அடி முதல் நுனி வரை இனிமை என்பது அதன் பொருள். கதவுகளில் ஒட்டப்படும் சிவப்பு எழுத்து, "மகிழ்ச்சி" எனும் எழுத்தை இருமுறை இணைத்து எழுதியதாகும். இரு குடும்பங்களின் மகிழ்ச்சியும் ஒன்றானது என அதனைக் கொள்ளலாம்.

தேநீர்ச் சடங்கு

சீனர் திருமணத்தின் உயிர்நாடி எது என்று கேட்டால், பலரும் பெரிய விருந்தையே சொல்லுவர். ஆனால் உண்மையில் அது தேநீர்ச் சடங்கே ஆகும். விருந்து ஊராருக்கு உரியது. தேநீரோ குடும்பத்துக்கு உரியது.

மணமக்கள் முதலில் வீட்டுத் தெய்வத்தையும் முன்னோர்களையும் வணங்குவர். பின்னர்ப் பெரியவர்கள் நாற்காலிகளில் இணையிணையாக அமர, மணமக்கள் மண்டியிட்டோ தலைதாழ்த்தியோ இரு கைகளாலும் தேநீர்க் கிண்ணத்தை நீட்டுவர். தேநீரில் செம்பேரீச்சை, லொங்கான் பழம், தாமரை விதை போன்றவற்றை இடுவது உண்டு. இனிய வாழ்வையும் மக்கட்பேற்றையும் அவை குறிக்கும். தாத்தா பாட்டி, தாய் தந்தையர், பெரியப்பா பெரியம்மா, சித்தப்பா சித்தி, மாமா அத்தை, மூத்த உடன்பிறந்தார் என வயதும் முறையும் தவறாத வரிசையில் சடங்கு நடைபெறும். ஒவ்வொருவரையும் உரிய முறை சொல்லி அழைத்த பின்னரே மணமகள் கிண்ணத்தை நீட்டுவாள். பெரியவர் அதைப் பெற்று அருந்திவிட்டால், அவளைத் தம் குடும்பத்தவளாக ஏற்றுக்கொண்டார் என்பது பொருள். அவர் வாழ்த்தி அங் பாவோ நகையோ அளிப்பார். அதன்பின், மணமக்களுக்கு இளையவர்கள் அவர்களுக்குத் தேநீர் அளித்து அங் பாவ் பெறுவர். பெண் வீட்டிலும் இச்சடங்கு தனியே நடைபெறும்.

ஒரே காலைப்பொழுதில், புதிதாக வந்த பெண் தன் புகுந்த வீட்டார் அனைவரின் முகத்தையும் முறையையும் இவ்வாறு அறிந்துகொள்கிறாள். அவர்களும் அவளை அறிந்துகொள்கின்றனர். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஏழை வீட்டிலும் செல்வர் வீட்டிலும் கிண்ணமும் தேநீரும் ஒன்றே. "தேயிலை" என்று நாம் சொல்லும் சொல்லிலுள்ள "தே" என்னும் ஒலியும் ஹொக்கியன் மக்களின் மொழியிலிருந்தே உலகெங்கும் பரவியது என்பது இங்கு நினைவு கூரத்தக்கது.

மூன்றாம் நாள் மணமக்கள் பெண்ணின் தாய் வீட்டுக்கு மறுவீடு செல்வர். இன்று வேலை விடுப்பு குறைவாக இருப்பதால், பலர் மணநாளிலேயே இதனையும் முடித்துவிடுகின்றனர்.

விருந்துக்குச் செல்வோர் கவனத்துக்கு

விருந்து பெரும்பாலும் இரவில், ஒரு மேசைக்குப் பத்துப் பேர் என்னும் கணக்கில் நடைபெறும். உணவு வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மீன் கட்டாயம் இடம்பெறும். மீனைக் குறிக்கும் சொல்லும் "மிகுதி" எனும் சொல்லும் ஒலியால் ஒத்தவை. முன்னாளில் சிறப்பாகக் கருதப்பட்ட சுறாத் துடுப்புச் சூப்பை, சுறா இனம் அழியாதிருக்க வேண்டும் என்னும் எண்ணத்தால் இப்போது பலர் தவிர்க்கின்றனர். இடையில் அனைவரும் எழுந்து, "யாம் செங்" என நீட்டி முழங்கி மணமக்களை வாழ்த்துவர். அப்போது மது அருந்தியே ஆக வேண்டும் என்பதில்லை. தேநீரையோ பழச்சாற்றையோ உயர்த்தி வாழ்த்தினாலும் மரியாதை குறையாது.

நம் தோட்டப்புற அன்பர்கள் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்வது நல்லது.

1. மொய்ப் பணத்தைச் சிவப்பு உறையிலேயே இட்டுக் கொடுக்க வேண்டும். வெள்ளை உறை இறப்பு வீட்டுக்கு உரியது.

2. நாம் 51, 101 என ஒற்றைப்படையில் மொய் எழுதுவது வழக்கம். சீனர்களிடத்தில் ஒற்றைப்படைத் தொகை துக்க வீட்டுக்கே கொடுக்கப்படும். ஆகவே திருமணத்துக்கு இரட்டைப்படையாகவே கொடுக்க வேண்டும். நான்கு என்னும் எண்ணை மட்டும் தவிர்த்தல் நலம். அச்சொல் "இறப்பு" என்னும் சொல்லை ஒத்து ஒலிக்கும்.

3. பொருளாகக் கொடுப்பதாயின், கடிகாரம் வேண்டா. "கடிகாரம் அளித்தல்" என்னும் தொடர், இறுதிக்கடன் செய்வதைக் குறிக்கும் தொடர் போலவே ஒலிக்கும். கத்தி, கத்தரிக்கோல் போன்றவையும் உறவை வெட்டும் எனக் கருதப்படுகின்றன.

4. முழுக் கறுப்பு அல்லது முழு வெள்ளை உடையைத் தவிர்க்கலாம். பெண்கள் வழக்கமாக உடுத்தும் வண்ணப் பட்டுச் சேலை மிகவும் பொருத்தமானதே.

5. மாட்டிறைச்சி உண்ணாதவர்களும் சைவ உணவினரும் அழைப்பை ஏற்கும்போதே அதைத் தெரிவித்துவிட வேண்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சீனர்களிலும் குவான் யின் அம்மனை வழிபடுவோர் பலர் மாட்டிறைச்சியை உண்பதில்லை; குறித்த நாள்களில் சைவ உணவு கொள்வோரும் உண்டு.

6. வர இயலாவிடில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மேசைக் கணக்கில் உணவு ஏற்பாடு செய்யப்படுவதால், காலியாகும் ஒவ்வோர் இடமும் அழைத்தவருக்கு இழப்பே.

பிறப்பும் அறுபதாம் ஆண்டும்

குழந்தை பிறந்தபின் தாய் 30 நாள் வீட்டிலேயே ஓய்வு கொள்வாள். இஞ்சி, நல்லெண்ணெய், அரிசி மது ஆகியவை சேர்த்த சூடான உணவு அவளுக்குக் கொடுக்கப்படும். பிள்ளை பெற்றவளுக்கு நாம் மருந்து அரைத்துக் கொடுத்து உடம்பைத் தேற்றுவதும் இதே நோக்கத்தில்தான். ஒரு மாதம் நிறைந்ததும் "முழு நிலவு" விழா நடைபெறும். சிவப்புச் சாயமிட்ட முட்டைகளை உற்றார் உறவினருக்கு வழங்குவர். நம் நாட்டில் மஞ்சள் சேர்த்த ஒட்டரிசிச் சோறும் கோழிக் கறியும் அதனுடன் வருவதுண்டு. மலாய் மக்களின் சமையல் சீனரின் சடங்கில் இடம்பெற்றதற்கு இஃது ஓர் அழகிய சான்று.

அறுபதாம் ஆண்டு நிறைவும் நமக்கும் அவர்களுக்கும் பொதுவானது. தமிழர் ஆண்டுகளைப் போலவே சீனர் ஆண்டுகளும் 60 ஆண்டுகள் கொண்ட சுழற்சியாகும். ஆகவே ஒருவர் 60 வயதை அடையும்போது, பிறந்த ஆண்டே திரும்பி வருகிறது. நாம் மணிவிழா எடுக்கிறோம். அவர்கள் நீள மீ உணவும் பீச் பழ வடிவப் பலகாரமும் செய்து பெரியவரை வாழ்த்துகின்றனர். ஆயுள் குறையக்கூடாது என்பதற்காக அந்த மீயை வெட்டாமல் உண்பர்.

ஆண்டுதோறும் வருவன

சீனப் புத்தாண்டுக்கு முந்திய இரவில் நடைபெறும் ஒன்றுகூடல் விருந்துக்கு, எவ்வளவு தொலைவில் இருந்தாலும் பிள்ளைகள் பெற்றோர் வீட்டுக்கு வந்துவிடுவர். கொண்டாட்டம் பதினைந்தாம் நாளான சாப் கோ மேயில் நிறைவுறும். ஏப்ரல் 5-ஆம் நாளை ஒட்டிவரும் செங் பெங் நாளில் முன்னோர் கல்லறைகளைத் துப்புரவு செய்து படையலிடுவர். டிசம்பர் 22-ஐ ஒட்டிவரும் குளிர்கால விழாவில் அரிசிமாவு உருண்டை செய்து குடும்பத்தோடு உண்பர். இவை அனைத்திலும் குடும்பம் ஒன்றுகூடுவதே தலையாய நோக்கம்.

சடங்கும் சட்டமும்

இதுவரை கூறிய சடங்குகள் போற்றத்தக்கவை. ஆயினும், சடங்கு மட்டும் போதுமா என்னும் கேள்வியும் உண்டு. முற்காலத்தில் சீன மரபு ஓர் ஆடவன் தலைமனைவியோடு துணைமனைவியரையும் கொள்ள இடமளித்தது. சிங்கப்பூரில் 1908-ஆம் ஆண்டில், இறந்துபோன ஒரு சீனச் செல்வரின் சொத்தில் பங்கு கேட்டு ஆறு பெண்கள் வழக்காடினர். "ஆறு விதவைகள் வழக்கு" என அது பெயர் பெற்றது. எழுத்துப் பூர்வமான பதிவு இல்லாத நிலையில், யார் மனைவி, யார் மனைவியல்லர் என்பதைச் சாட்சிகளைக் கொண்டே நீதிமன்றம் ஆராய வேண்டியிருந்தது. செல்வர் வீட்டிலேயே இந்நிலை என்றால், எளிய குடும்பத்துப் பெண் என்ன செய்வாள்?

சிங்கப்பூரில் 1961-ஆம் ஆண்டு மகளிர் சாசனம் ஒருதார மணத்தையும் பதிவையும் நிலைநாட்டியது. மலேசியாவில் 1976-ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதோர்க்கு உரிய இச்சட்டம், ஒருவருக்கு ஒரு துணையே என வரையறுத்தது. திருமணத்தைப் பதிவு செய்வதையும் கட்டாயமாக்கியது. அந்நாளுக்கு முன் மரபுப்படி முறையாக நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்கிறது. அதற்குப் பின் நடப்பவற்றுக்கோ, தேநீர் அளித்ததும் தாலி கட்டியதும் மட்டும் போதா; பதிவேட்டில் கையொப்பமும் வேண்டும். 21 வயது நிறையாதோர் பெற்றோரின் இசைவையும் பெற வேண்டும்.

பதிவு செய்யாமையால் வரும் துன்பம் சிறிதன்று. கணவர் வேலையிடத்தில் விபத்தில் இறந்தால், சொக்சோ உதவித்தொகை கேட்டுச் செல்லும் மனைவியிடம் திருமணச் சான்றிதழ் கேட்கப்படும். பிள்ளையின் பிறப்புப் பதிவில் தந்தை பெயரைச் சேர்ப்பதிலும் சிக்கல் எழும். தாய் இந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவராயின், பதிவு இல்லாத மணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமையே கேள்விக்குள்ளாகும். பெற்றோரின் கவனக்குறைவுக்குப் பள்ளிப் பருவத்துப் பிள்ளை துன்புற நேர்வது எவ்வளவு கொடுமை!

சடங்கையும் பதிவையும் இணைத்துச் செய்யவும் வழியுண்டு. கோலாலம்பூர் தியென் ஹௌ கோயில் போன்ற சீனக் கோயில்களில் திருமணப் பதிவும் நடைபெறுகிறது. அரசாங்கம் நியமித்த உதவித் திருமணப் பதிவாளர்கள் நம் கோயில்கள் பலவற்றிலும் இருக்கின்றனர். முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டியிருப்பதால், மணநாளுக்குப் பல வாரங்களுக்கு முன்பே தேசியப் பதிவு இலாகாவை நாடுதல் வேண்டும்.

பெரியவர்முன் மண்டியிட்டு நீட்டும் கிண்ணத்தில் அன்பும் பணிவும் இருக்கின்றன. பதிவேட்டில் இடும் கையொப்பத்தில் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு இருக்கிறது. இரண்டும் குடும்பத்துக்கு இன்றியமையாதவை. அடுத்த முறை சீன நண்பரின் சிவப்பு அழைப்பிதழ் நம் கைக்கு வரும்போது, தயங்காமல் குடும்பத்தோடு சென்று வாழ்த்துவோம். நம் வீட்டுத் திருமணத்துக்கும் அவரை அழைத்து, நம் சடங்குகளின் பொருளை அவருக்கு எடுத்துச் சொல்வோம்.

கலந்துரையாடச் சில வினாக்கள்

1. தேநீர்ச் சடங்கில் வயதும் உறவுமுறையும் ஏன் முதன்மை பெறுகின்றன?

2. வந்த சீரில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கத்தால் விளையும் நன்மைகள் யாவை?

3. உமது குடும்பத்தில் 1982 மார்ச் மாதத்துக்குப் பின் நடந்த திருமணங்கள் அனைத்தும் பதிவு செய்யப்பட்டுள்ளனவா? சான்றிதழ் எங்கே வைக்கப்பட்டுள்ளது?